எடுத்தாச்சா?

என் தொழிலில் என்னை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. கல்யாணத்தில் படம் எடுக்கிறவனுக்காவது ஆல்பத்தைப் பார்த்து நாலு பேர் 'ஆகா' என்பார்கள். நான் எடுப்பது பாஸ்போர்ட் படம், லைசென்ஸ் படம், பரீட்சை விண்ணப்பத்தில் ஒட்டுகிற படம். கவரைப் பிரித்துப் பார்க்கிற அத்தனை பேரும் முகத்தைச் சுளித்து, "நானா இது?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் அடுத்த முறை என்னிடம்தான் வருவார்கள். அதற்குக் காரணம் என் கைராசி என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கைக்கு என்ன, வாடகையா கொடுக்கிறோம்?

ஸ்டுடியோ என்பது ஒரே ஒரு நீள அறை. ஒரு கோடியில் வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் குடை வைத்த விளக்குகள். சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கத்தில் ஆணியில் நூலால் கட்டிய சீப்பு. கட்டாமல் விட்டிருந்தால் இதுவரை நூறு சீப்பு போயிருக்கும். அதற்கடுத்து ஒரு கறுப்புக் கோட்டு. அதற்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகில் துணியே கிடையாது, கட்டிக்கொள்ள இரண்டு நாடாதான். அந்த அரைக் கோட்டில் உட்கார்ந்து எழுந்துபோனவர்களில் எத்தனையோ பேர் இன்று மேனேஜர்கள். மூலையில், ட்யூப்லைட்டுக்கு அடியில், கம்ப்யூட்டரும் பிரிண்டரும் படம் வெட்டுகிற பலகையும். அங்கே உட்காருவது என் மனைவி. நான் பொத்தானை அமுக்குவதோடு சரி. படத்தைத் தேர்ந்தெடுப்பது, அச்சடிப்பது, வெட்டுவது, "நானா இது?" என்பவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள்.

அறைக்கு ஒரு ஜன்னலும் உண்டு. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஏனென்றால் அதை மறைத்துக்கொண்டு, நான் நின்று படம் எடுக்கிற இடத்துக்கு நேர் பின்னால், என் கண்ணாடி ஷோகேஸ் நிற்கிறது. அதற்குள்ளே உயிர் போன கேமராக்கள் மூன்று, ஒரு காலை இழந்த ஸ்டாண்டு, எரியாத ஃப்ளாஷ்கள், எதற்குப் பொருந்தும் என்று எனக்கே தெரியாத மூடிகள். எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும், "இருக்கட்டும், ஒருநாள் உதவும்" என்பேன். அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை. ஷோகேஸை எடுத்துவிட்டு மேஜையை ஜன்னலோரம் போட வேண்டும், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படம் வெட்ட வேண்டும், இவ்வளவுதான் என் மனைவி கேட்டது. சாயங்காலமானால் அவள் கண் எரிச்சலில் இமைகளை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அதைப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்பேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இந்த நிலையில்தான் எனக்குப் புதுக் கேமரா ஆசை வந்தது. பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆசைக்குக் கணக்கு வழக்கு உண்டா? ஒரு மாதம் அனத்தினேன். கடைசியில் அவள் தன் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பஞ்சாயத்து வைத்தாள்.

"புதுசு வாங்கிக்கோங்க. ஆனா பழசு போகணும். அதோட அந்த ஷோகேஸும் காலியாகணும். சரியா?"

"சத்தியமா," என்றேன்.

"இவர் பண்ணின சத்தியமெல்லாம் அந்த ஷோகேஸுக்குள்ளதான்ணா அடுக்கி வெச்சிருக்கு," என்றாள் அண்ணனிடம்.

மச்சான் நியாயஸ்தர். நியாயஸ்தர் என்றால் தங்கை பக்கம் பேசுகிறவர் என்று அர்த்தம். "மாப்ள, நான் சாட்சி. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நான் வந்து நிப்பேன். அன்னைக்கு ஜன்னல் எனக்குத் தெரியணும்," என்றார்.

பழைய கேமராவுக்கு ஆளும் கிடைத்தார். எங்கள் ஸ்டுடியோவுக்கு மேல் மாடியில் பல் டாக்டர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பற்களைப் படமெடுத்து வைக்க அவருக்கு ஒரு கேமரா தேவைப்பட்டது. "அண்ணே, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க," என்று சொல்லி வைத்திருந்தார்.

புதுக் கேமரா வந்தது. அதன் பெருமைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அது சத்தம் போடாது என்பதுதான். பழையதில் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி எழும்பி விழும். 'டக்' என்று ஓர் அடி அடிக்கும். பக்கத்துக் கடைக்காரர் தன் கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் எத்தனை படம் எடுத்தேன் என்று சொல்லிவிடுவார். புதியதோ பூனை நடக்கிற மாதிரி. நான் சும்மா இருந்திருக்கலாம். வாசலில் பெரிதாக ஒரு பேனர் கட்டினேன்: 'இப்போது சத்தமே இல்லாமல்!' அதைப் பார்த்துவிட்டு முதலில் உள்ளே வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வலிக்காதா சார்?" என்றார். அவரை மாடிக்கு அனுப்பினேன். அதே பேனரை நம்பி அந்த வாரம் இன்னும் சிலர் வீங்கிய கன்னத்தோடு வந்தார்கள்.

படம் எடுக்க வந்த முதல் ஆள் தபால் ஆபீஸ் அம்மா. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக விசா வாங்க வேண்டும். முத்திரை குத்துகிற கை, பேச்சும் அப்படித்தான். ஸ்டூலில் உட்கார்ந்தார், மூச்சைப் பிடித்தார், தூண் போல நின்றது கழுத்து. நான் அமுக்கினேன். அவர் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். அப்படியே இருந்தார். மூச்சை விட்டதாகவே தெரியவில்லை. முகம் சிவந்தது. கடைசியில் உதட்டை மட்டும் அசைத்து, "எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சும்மா. எந்திரிங்க."

"எப்ப எடுத்தே தம்பி? நான் இன்னும் ரெடியாகவே இல்லையே?"

வந்தவர் எல்லோரும் இப்படித்தான். விறைத்துக்கொண்டு உட்காருவார்கள், விறைத்துக்கொண்டே காத்திருப்பார்கள், பிறகு வாயைத் திறந்து "எடுத்தாச்சா?" என்பார்கள். நான் அப்போதுதான் அமுக்கியிருப்பேன். மூன்றாம் நாள் என் மனைவி கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் திருப்பினாள்.

"ஏங்க, இந்தக் கேமராவுல எல்லாரும் ஏதோ கேக்குற மாதிரியே இருக்காங்க."

போய்ப் பார்த்தேன். திரை முழுக்க முகங்கள். பாதிப் பேர் மூச்சு முட்டி, மீதிப் பேர் வாய் பிளந்து. மொத்த ஊரும் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. "ஆளுங்க சரியில்ல. உக்காரவே தெரியல," என்றேன். அவள் திரும்பிப் படம் வெட்ட ஆரம்பித்தாள்.

விசா ஆபீஸில் வாய் திறந்த படத்தை வாங்க மாட்டார்களாம். தபால் ஆபீஸ் அம்மா திரும்பி வந்தார். அதற்குள் நான் ஒவ்வொரு வித்தையாகச் செய்து பார்க்க ஆரம்பித்திருந்தேன். கேமராவில் ஒரு செயற்கைச் சத்தம் வைக்கலாம், வைத்தேன். 'கீக்' என்று அது கத்தியதும் உட்கார்ந்திருந்தவர் சட்டைப்பையில் கைவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிப் பார்த்தேன். மூன்றுக்குச் சரியாகக் கண்ணை மூடினார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு, அமுக்குவதற்குச் சற்று முன்னால் என் வாயாலேயே "டக்!" என்று சொன்னேன். எதிரில் இருந்தது தபால் ஆபீஸ் அம்மா. தொப்பை விழுந்த, தலை வழுக்கையான ஒரு மனுஷன் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "டக்" என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துவிட்டார். அந்தப் படத்தை மாடி டாக்டர் வேண்டுமானால் வாங்கிக்கொள்வார், விசா ஆபீஸில் வாங்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் பழைய கேமரா கைக்கெட்டும் தூரத்தில் மேஜை மேலேயே இருந்தது. எடுத்து நாலு படம் எடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எடுப்பது? வாசலில் பேனர். வீட்டில் சத்தியம். புதுசைப் பற்றித் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டது நான். கடைக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். அடுத்த தெரு ஸ்டுடியோவில் கூட்டம் என்று பக்கத்துக் கடைக்காரர் அக்கறையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள். தபால் ஆபீஸ் அம்மா மூன்றாவது தடவையாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, இன்னைக்கும் சரியா வரலேன்னா நான் வேற இடம் பாத்துக்கிறேன். உன்மேல கோபமெல்லாம் இல்ல. ஆனா என் பொண்ணைப் பாக்கணும்ல," என்றார். குரலில் முத்திரை குத்துகிற வேகம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

நான் புதுக் கேமராவில் கண்ணை வைத்து நின்றேன். அவர் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நாளைக்கு எடுத்துப்போகப் போகிற சாமானை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தவர், மேஜை மேலிருந்த பழைய கேமராவை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

'டக்.'

தபால் ஆபீஸ் அம்மாவின் தோள் இறங்கியது. பிடித்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது. நெற்றிச் சுருக்கம் விலகி, கண்ணில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி ஒரு தெளிவு. திடுக்கிட்டதில் என் விரல் தானாக அமுங்கியது. "அப்பாடா, எடுத்துட்டியா?" என்று அவர் எழுந்துவிட்டார்.

என் மனைவி திரையில் அந்தப் படத்தைப் பார்த்தாள். வாய் மூடி, கண் திறந்து, மகளைப் பார்க்கப் போகிற ஒரு தாயின் முகம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அச்சடித்தாள். அந்த அம்மா கவரைப் பிரித்துப் பார்த்து, "பரவால்லயே, நல்லாத்தான் இருக்கேன்," என்றார். என் வாழ்நாளில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"யாரு எடுத்தது இது?" என்றாள் என் மனைவி, அவர்கள் இருவரும் போன பிறகு.

"நான்தான். வேற யாரு?"

"டாக்டர் எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "பழைய கேமராவுல நீங்க எப்பவும் ரெண்டு தடவை அமுக்குவீங்க. மொதல் படத்தை நான் அழிச்சுடுவேன். அதுல எல்லாரும் செஞ்சு வெச்ச பொம்மை மாதிரி இருப்பாங்க. டக்குனு சத்தம் கேட்டாத்தான் முடிஞ்சுதுன்னு நெனச்சு மனுஷங்க ஆவாங்க. ரெண்டாவதைத்தான் நான் எப்பவும் பிரிண்ட் போடுவேன்."

"இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"தெரிஞ்சுதானே ரெண்டு தடவை அமுக்குறீங்கன்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்றுதான் அமுக்கினேன். எதையும் ஒன்றோடு விடாத புத்தி. ஷோகேஸைப் பார்த்தாலே தெரியும். கைராசி, கைராசி என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதெல்லாம் கேமராவுக்குள் எழும்பி விழுந்த ஒரு சின்னக் கண்ணாடியின் சத்தம்; மிச்சம் ட்யூப்லைட்டுக்கு அடியில் கண் எரிய உட்கார்ந்திருந்தவளின் தேர்வு. மனசு விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது. அவள் பார்ப்பதற்குள் லென்ஸைத் துடைப்பதாகக் குனிந்துகொண்டேன்.

இப்போது என்ன செய்வது? கேமராவைக் கொடுத்தால் கடை போச்சு. கொடுக்காவிட்டால் சத்தியம் போச்சு, அதோடு அவளுடைய ஜன்னலும் போச்சு. அவள் போன் பேச வெளியே போன நேரத்தில், ஸ்டாண்டில் இருந்த புதுசில் வலது கையையும், பழசில் இடது கையையும் வைத்துப் பழகிப் பார்த்தேன். முதலில் இடது, பிறகு வலது. கேட்க எவ்வளவு எளிது! என் கைகள் இரண்டும் ஒட்டிப்பிறந்த இரட்டையர். ஒன்று அமுக்கினால் மற்றதும் அமுக்கியது. காலி ஸ்டூலைப் பதினைந்து தடவை படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தால், அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"துடைச்சுட்டிருக்கேன்," என்றேன். இரண்டு கையிலும் துணி இல்லை.

ஞாயிறு காலை மச்சான் சொன்னபடி வந்து நின்றார். டாக்டர் ஒரு பையோடு வந்தார். நான் முதல் நாளே ஒரு சொற்பொழிவு தயார் செய்திருந்தேன். கைத்தொழில், நன்றி, பொருளுக்கும் மனசு உண்டு என்றெல்லாம் அதில் வரும். தொண்டையைச் செருமினேன்.

"டாக்டர், கேமரா விக்கிறதுக்கு இல்ல," என்றாள் என் மனைவி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆயிரம் இருந்தாலும் கட்டினவள் கட்டினவள்தான், என் மனசைப் புரிந்துகொண்டாளே என்று மச்சானைப் பெருமையாகப் பார்த்தேன்.

"என்னம்மா இது? இவர் சத்தியம் பண்ணினாரே," என்றார் மச்சான்.

"பழசு இவர்கிட்ட இருக்கக் கூடாதுன்னுதானேண்ணா பேச்சு? இவர்கிட்ட இருக்காது. எங்கிட்ட இருக்கும். இனிமே அது என்னோடது. வெச்சுக்கிறதா விக்கிறதான்னு நான் பாத்துக்கிறேன்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏமாத்திட்டோம்னு நினைக்காதீங்க டாக்டர். உங்களுக்கு இது சரிப்படாது. யாரோ வாயில நீங்க விரலை விட்டுட்டு இருக்கும்போது பக்கத்துல இது 'டக்'னு அடிச்சா என்ன ஆகும்?"

டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அதை நான் யோசிக்கவே இல்லையே," என்றார்.

"வேணும்னா இந்த ஷோகேஸை எடுத்துக்கோங்க. பல்லு செட்டெல்லாம் அடுக்கி வைக்கலாம்."

"அது என்னோட..." என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "...பாரம் ஜாஸ்தி. பாத்துத் தூக்கணும்," என்று முடித்தேன்.

மச்சானும் டாக்டரும் இரண்டு முனையிலும் பிடிக்க, நான் நடுவில் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்ல, ஷோகேஸ் மாடியேறியது. உள்ளே இருந்தவற்றை அவள் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். அந்தச் சாக்கிலிருந்து ஒரே ஒரு மூடியை நான் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஒருநாள் உதவும்.

ஜன்னலைத் திறந்தோம். துருப்பிடித்த கொக்கி, மச்சான்தான் தட்டித் திறந்தார். இத்தனை வருடம் நான் முதுகு காட்டி நின்றிருந்த இடத்திலிருந்து வெளிச்சம் வந்து என் மனைவியின் மேஜை மேல் விழுந்தது. அவள் உட்கார்ந்து, ஒரு படத்தை எடுத்து, ஓரம் பார்த்து வெட்டினாள். "நல்லாத் தெரியுது," என்றாள். இரண்டே வார்த்தை. இதற்கா இவ்வளவு காலம் இவளை இருட்டில் உட்காரவைத்தேன் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்றிலிருந்து வேலை இப்படி நடக்கிறது. ஸ்டூலில் ஆள் உட்காருவார். நான் புதுக் கேமராவில் கண்ணை வைத்து நிற்பேன். எனக்கு நேர் பின்னால் ஜன்னலோர மேஜையில் அவள், கையில் பழைய கேமரா. என் தோளுக்கு மேலே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எப்போது விறைப்பு உச்சத்துக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். 'டக்' என்று ஒரு சத்தம். தோள் இறங்கும், மூச்சு வரும், நான் அமுக்குவேன். எடுக்கிற நேரத்தை முடிவு செய்வது அவள். எனக்கு விரல் மட்டும் சொந்தம். பேனரைக் கழற்றிவிட்டேன். பல்வலிக்காரர்கள் இப்போது நேராக மாடிக்கே போகிறார்கள்.

போன வாரம் வியாபாரிகள் சங்க அட்டையைப் புதுப்பிக்க என்னிடம் ஒரு படம் கேட்டார்கள். வழக்கமாகக் கொடுக்கிற படத்தையே கொடுத்தேன். சங்கச் செயலாளர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி படத்தை ஏன் குடுக்குறீங்க? உங்க படம் வேணும்," என்றார். அந்தப் படத்தில் எனக்குத் தலை நிறைய முடி. ஊருக்கே படம் எடுத்தவனுக்குத் தன் படம் அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

ஆக, முதல் முறையாக நானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன், அரைக் கோட்டைக் கட்டிக்கொண்டு. ஸ்டாண்டில் இருந்த புதுசுக்குப் பின்னால் என் மனைவி. வலது கை புதுசில், இடது கையில் பழசு. எனக்கு எல்லா ரகசியமும் தெரியும். சத்தம் போடுவது படமே எடுக்காத கேமரா. அதற்குப் பிறகுதான் நிஜப் படம். இந்தச் செப்படிவித்தையெல்லாம் என்னிடம் நடக்காது என்று, கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த மேனேஜர் பார்வையை முகத்தில் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. அறை அமைதியாக இருந்தது. கழுத்து விறைத்தது. மூக்கு அரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது நெஞ்சு அடைத்த பிறகுதான் தெரிந்தது.

உதட்டை மட்டும் அசைத்து, "எடுத்தாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

வாயை மூடிக்கொண்டேன். 'டக்.'

தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் தோள் என்னைக் கேட்காமலேயே இறங்கியது. மூச்சு வெளியே வந்தது. மேனேஜர் போய்விட்டார். அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாமல், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ததைப் பார்த்தேன்.

எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். வழுக்கைத் தலையோடு, கண்ணுக்குக் கீழே பை விழுந்த ஓர் ஆள். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் அசடு, யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது போல ஓர் அமைதி. எனக்கு இவரைப் பழக்கமே இல்லை.

"நானா இது?" என்றேன்.

"நீங்கதான். கடையைப் பூட்டிட்டு வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுவீங்கல்ல, அப்ப தினமும் இந்த முகம்தான்."

"நான் இதைப் பாத்ததே இல்லையே."

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்," என்று சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னை நாலு பக்கமும் நேராக வெட்டினாள்.

"இன்னொண்ணு எடேன். இதுல கோட்டே சரியாத் தெரியல," என்று மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

"எடுத்தாச்சு. எந்திரிங்க," என்றாள். "ஆளுங்க காத்திட்டிருக்காங்க."